கேட்காதவரிடம் சொல்ல வேண்டியது

சென்ற ஆண்டு தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, சுங்கை பட்டாணியில் எங்கள் வீட்டு ஸ்டோர் அறைக் கதவின் நிலையை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பார்த்தேன். மேலே தட்டியபோது மரத்தின் சத்தம் வந்தது. முழங்கால் உயரத்துக்குக் கீழே வந்ததும் சத்தம் மாறியது. காலி அட்டைப் பெட்டியைத் தட்டுவது போல இருந்தது. முனையை வைத்து லேசாக அழுத்தினேன். அங்கே மரம் இல்லை, சாயம் மட்டும்தான் இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் இரண்டு விரற்கடை உள்ளே போய் நின்றது.

பின்னால் நின்றிருந்த அம்மா, "அப்பாகிட்ட இப்ப சொல்லாதடா, தீவாளி முடியட்டும்" என்றார்.

அந்த வீட்டுக்கு அப்போது விலை பேசி முடித்தாகிவிட்டது. 195,000 ரிங்கிட். வாங்குபவர்கள் முன்பணம் கட்டியிருந்தார்கள். இரண்டு வாரத்தில் வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். தட்டிப் பார்த்திருக்கவே வேண்டாம் என்று நினைத்தேன். தட்டாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. தெரியாததைச் சொல்லவில்லை என்று யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

இந்த நினைப்புதான் இன்று வரை என்னைத் தொந்தரவு செய்கிறது. வாங்குபவர் கேட்காத குறையை விற்பவர் தானாகச் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும் என்றால், யார் யாரிடம் சொல்ல வேண்டும்?

*

உண்மையில் முதலில் கண்டுபிடித்தது நானில்லை, அம்மா. தொடர்ந்து பெய்த மழை விட்ட ஒரு சாயங்காலம் ஸ்டோரிலிருந்து ஈசல் பறந்து வந்து வரவேற்பறை விளக்கை மொய்த்ததாம். மறுநாள் காலையில் கூட்டியபோது ஒரு முறம் நிறைய இறக்கை. "வெளியில இருந்து வந்ததுன்னு நெனச்சேன். ஆனா ஸ்டோர் ஜன்னல் சாத்தியே கெடந்துச்சு" என்றார். மூடிய அறைக்குள் இறக்கைகள் குவிந்து கிடந்தால் புற்று பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எறும்புக்கும் இறக்கை முளைக்கும். ஆனால் எறும்பின் முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது. ஈசலின் நான்கு இறக்கைகளும் ஒரே அளவு.

பிறகு செருப்பு ரேக்கை நகர்த்தினேன். தரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த வெடிப்பிலிருந்து பென்சில் தடிமனில் ஒரு மண் கோடு ஏறிக் கதவு நிலைக்குள் போனது. ஓர் அங்குலம் மட்டும் உடைத்தேன். வெள்ளை வெளேரென்று, கண் இல்லாத சின்ன உடல்கள் வெளிச்சத்தில் தடுமாறின. மஞ்சள் தலை கொண்ட ஒன்று முன்னால் வந்து நின்றது. அதைத் தொட்டதும் தலையிலிருந்து பால் போல ஒரு துளி கசிந்தது. அது காவல் கறையான். நம் ஊர் வீடுகளை அதிகம் தின்னும் கொப்டொடெர்மெஸ் இனத்தின் அடையாளம் அந்தப் பால் துளிதான். மண் கோட்டைப் பார்த்ததும் கொசு மருந்தை எடுத்து அடிப்பது பலருக்கும் வழக்கம். அதில் நாலு சாகும், மற்றவை வேறு வழி தேடிப் போகும். ஆகவே அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு நாளில் உடைந்த இடம் மூடப்பட்டிருந்தது. உள்ளே உயிர் இருக்கிறது என்று உறுதி செய்ய வேறு சோதனை தேவையில்லை.

எறும்பு என்று நாம் சேர்த்துச் சொன்னாலும் கறையான் எறும்புச் சாதி இல்லை. கரப்பான் பூச்சிக்குத்தான் உறவு. உலகில் சுமார் 3,000 வகைக் கறையான்கள் உண்டு. வீட்டுக்குள் வந்து தொல்லை தருபவை அதில் மிகச் சில. தோட்டத்தில் புற்று எழுப்பி, நம் பாட்டிகள் மஞ்சள் தடவி அம்மனாகக் கும்பிட்டார்களே, அந்தக் கறையான் வேறு. அது புற்றுக்குள் பூஞ்சை வளர்த்துத் தின்கிற விவசாயி. என் தாத்தா கெடாவில் பால்மரம் வெட்டியவர். அவர் பயந்த கறையான் இன்னொன்று. "நிக்கிற மரத்தையே உசுரோட தின்னும்" என்று அப்பா சொல்வார். சரிதான், கொப்டொடெர்மெஸில் ஒரு வகை உயிருள்ள ரப்பர் மரத்தையே தாக்கும்.

எங்கள் வீட்டுக்கு வந்ததற்கு வம்ச பகையெல்லாம் காரணமில்லை. மண் ஈரம், சுவர் வெடிப்பு, ஸ்டோரில் 28 ஆண்டுகளாக அடுக்கிய அட்டைப் பெட்டிகள். அவ்வளவுதான்.

*

தீபாவளிக்கு மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் எனக்கு அதிர்ச்சி.

"நாலு வருசத்துக்கு முன்னாடியும் வந்துச்சு. ஆள வச்சு ஓட்ட போட்டு மருந்து அடிச்சேன். நீ அப்ப கேம்பஸ்ல இருந்த."

பீரோவிலிருந்து பழைய ரசீதை எடுத்துக் காட்டினார். 900 வெள்ளி. அடித்த மருந்தின் பெயரைத் தேடிப் பார்த்தேன். அது விரட்டும் வகை. மருந்து இருக்கும் மண்ணைக் கறையான் உணர்ந்துகொண்டு விலகிப் போகும். சாகாது. இப்போது வேறு வகை மருந்துகளும் உண்டு. கறையானால் அவற்றை உணர முடியாது, ஊடே நடந்து நஞ்சை ஏந்திக்கொண்டு கூட்டத்துக்குள் போகும். ஆனால் அன்று எங்கள் வீட்டில் அடித்தது விலை குறைந்த மருந்து. எங்கள் வீடு வரிசை வீடு. இரண்டு பக்கமும் சுவர் பொது.

"அப்புறம் வலது பக்கத்து ஆன்டி வீட்டுல அதே வருசம் சமையலறை கேபினெட் மொத்தமும் போச்சு" என்றார் அம்மா. அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பேச்சை நிறுத்திக்கொண்டார்.

எங்கள் வீட்டிலிருந்து விரட்டியதுதான் அங்கே போனது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஒரு கூட்டம் பல பத்து மீட்டர் தூரத்துக்கு மண்ணுக்கடியில் பாதை போடும். சீன ஆன்டி வீட்டுக்கு ஏற்கெனவே போயிருக்கலாம். ஆனால் நாங்கள் மருந்து அடிக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தன் வீட்டையும் பார்த்திருப்பார். சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

"அப்பா, வாங்கறவங்ககிட்ட சொல்லணும்ப்பா."

"அவன் கேட்டானா?"

"கேக்கலைன்னா சொல்லக் கூடாதா?"

"பேங்குல இருந்து ஆள் வந்து பார்த்துட்டுப் போனான். ஏஜெண்ட் பார்த்தான். அவனும் பொண்டாட்டியும் ரெண்டு தடவ வந்து பார்த்தாங்க. நான் எதையும் மூடி மறைக்கல. வேற என்ன செய்யச் சொல்ற? கறையான் வீடு விற்பனைக்குன்னு வாசல்ல போர்டு மாட்டவா?"

அப்பா பேராசைக்காரர் இல்லை. 31 ஆண்டுகள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வீடு விற்ற பணத்தில் பட்டர்வொர்த்தில் எனக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட், மீதியில் அக்கா கல்யாணத்துக்குச் சித்தப்பாவிடம் வாங்கிய கடன். இதற்கு மேல் அவர் கணக்கில் ஒன்றுமில்லை. கறையான் என்று சொன்னால் விலை குறையும். விலை குறைந்தால் அந்தக் கடன் நிற்கும். தம்பியிடம் கடன் வைத்துக்கொண்டு வாழ்வது அப்பாவுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குத் தெரியும்.

*

அன்றிரவு தூக்கம் வராமல் கைபேசியில் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். மோசடி என்றால் என்ன என்பதை அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது. தெரிந்த உண்மையை முயன்று மறைத்தால் மோசடி. வெறுமனே பேசாமல் இருந்தால் மோசடி இல்லை. பேச வேண்டிய கடமை இருக்கும்போதும், மௌனமே பேச்சுக்குச் சமமாகும்போதும் தவிர. அரித்த நிலைக்குப் பட்டி வைத்து சாயம் அடித்தால் முதல் வகை. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் இரண்டாம் வகை. அப்பா சட்டம் படிக்காமலேயே இந்தக் கோட்டின் சரியான பக்கத்தில் நின்றிருந்தார்.

இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் வந்தது நம் சட்டம். அதனால் எடுத்துக்காட்டுக்கு வீடு இல்லை, குதிரை வருகிறது. குதிரையில் குறை இருப்பது தெரிந்தே ஒருவர் அதை ஏலத்தில் விற்கிறார், எதுவும் சொல்லவில்லை. மோசடி இல்லை. ஆனால் வாங்குவது அவருடைய மகள், அப்போதுதான் சட்டப்படி வயது நிரம்பியவள் என்றால்? அந்த உறவே சொல்ல வேண்டிய கடமையை உண்டாக்கிவிடுகிறது. அடுத்து, "நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவர் சொல்லிவிடுகிறார், விற்பவர் வாயைத் திறக்கவில்லை. அங்கே மௌனம் பேச்சாகிவிடுகிறது.

மூன்றாவது எடுத்துக்காட்டில் வந்து நின்றேன். செப்டம்பரில் வாங்குபவர் வந்தபோது நான் அங்கே இருந்தேன். ஆரம்பப் பள்ளி ஆசிரியர், என் வயதுதான் இருக்கும். மனைவி கையில் குழந்தை. முதல் வீடு. கிளம்பும்போது அவர் சிரித்துக்கொண்டே, "ரூமா ஓகே கான், பாக்சிக்?" என்று கேட்டார். வீடு நன்றாகத்தானே இருக்கிறது? அப்பாவும் சிரித்து, 28 வருசம் நாங்கள் இருந்த வீடு என்றார். அப்போது அப்பா பொய் சொல்லவில்லை. புதிதாக வந்தது அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பதில் செப்டம்பரோடு முடிந்துபோகவில்லை. அந்த ஆசிரியர் இன்னும் அதன் மேல்தான் சாய்ந்து நிற்கிறார். அன்று உண்மையாக இருந்த பதில் இன்று உண்மையில்லை என்று தெரிந்த பிறகும் அதைத் திருத்தாமல் விட்டால், ஒவ்வொரு நாளும் அதை மறுபடி சொல்வது போலத்தானே?

சட்டத்தைப் படித்தவன் அதோடு நிறுத்தவில்லை. வீடு விற்பதைப் பற்றி வேறு யாராவது யோசித்திருக்கிறார்களா என்று தேடினேன். கி.மு. 44இல் ரோமில் சிசரோ யோசித்திருக்கிறார். ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த மகனுக்காக எழுதிய 'கடமைகள் பற்றி' என்ற நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வீடு வருகிறது. மரம் மட்டம், எப்போது விழும் என்று தெரியாது, படுக்கையறைகளில் பாம்பு. இது வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். சொல்லாமல் நல்ல விலைக்கு விற்கிறார். அது தவறா?

இதில் இரண்டு தத்துவவாதிகள் எதிரெதிரே நிற்கிறார்கள். பாபிலோனியாவின் டயோஜினிஸ், தவறில்லை என்கிறார். வாங்கு என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. தன் பொருளின் குறையைத் தானே கூவி விற்பதைவிட முட்டாள்தனம் உண்டா என்று கேட்கிறார். படித்ததும் சிரிப்பு வந்தது. வாசலில் போர்டு மாட்டவா என்று அப்பா கேட்டதும் இதுதான். அவருடைய மாணவர் அன்டிபாட்டர் மறுக்கிறார். வழி தவறியவனுக்கு வழி காட்டாமல் இருப்பதை ஏதென்ஸ்காரர்கள் சபிக்கத்தக்க குற்றமாக வைத்திருந்தார்கள். இது அதைவிட மோசம், தெரிந்தே ஒருவனைத் தவறான வழியில் போகவிடுவது என்கிறார். மறைத்திருக்கக் கூடாது என்பதுதான் சிசரோவின் முடிவு. எனக்குத் தெரிவது உனக்குத் தெரிய வேண்டியது. உனக்குத் தெரியாமல் இருப்பதில் எனக்கு லாபம். அதற்காகவே நான் வாயைத் திறக்கவில்லை என்றால், அதன் பெயர் மறைத்தல்.

எனக்குத் தேவையான தீர்ப்பு கிடைத்துவிட்டது. தேவையான தீர்ப்பு கிடைத்தவுடன் மனிதன் யோசிப்பதை நிறுத்திவிடுகிறான்.

*

பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அனுப்பிவிட்ட ஒரு பேட்சில் சோல்டரிங் சரியில்லையோ என்று சந்தேகம் வந்தது. வாடிக்கையாளர் எதையும் கவனித்திருக்கவில்லை. ஆனால் என் மேனேஜர் அன்று சாயங்காலமே மின்னஞ்சல் அனுப்பிவிட்டார். கேட்காதவரிடம் போய்ச் சொல்வது எங்கள் தொழிலின் ஒழுக்கம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையோடுதான் தீபாவளி விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய மறுநாள், மதிய சாப்பாட்டு நேரத்தில், முன்பண பாரத்தில் இருந்த எண்ணைப் பார்த்து அந்த ஆசிரியரை அழைத்தேன். ஸ்டோர் நிலை, மண் கோடு, நான்கு வருடத்துக்கு முந்தைய மருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நன்றி சொன்னார். பிறகு கேட்டார்: "ஆயா அபாங் தாவு கே, அபாங் கோல் இனி?"

நான் அழைப்பது அப்பாவுக்குத் தெரியுமா?

"தாவு" என்றேன். தெரியும்.

உண்மை சொல்வதற்காகவே செய்த அழைப்பில், கேட்கப்பட்ட ஒரே நேரடிக் கேள்விக்கு நான் பொய் சொன்னேன். யோசிக்கவே இல்லை. தானாக வந்தது.

அன்று மாலை வேலை முடிந்ததும் பாலத்தைக் கடந்து நேராகச் சுங்கை பட்டாணிக்கு ஓட்டினேன். அந்தப் பொய்யை எப்படியாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்ற அவசரம். ஆனால் ஏஜெண்ட் எனக்கு முன்பே அப்பாவை அழைத்துவிட்டிருந்தார். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் போடவில்லை.

"உன் காசா இருந்தா நானும் நல்லவனா இருந்திருப்பேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவன்கிட்ட மறைக்கல நீ. என்கிட்ட மறைச்சுட்ட" என்றார்.

17ஆம் பிரிவின் இரண்டாவது எடுத்துக்காட்டை நான் வேகமாகத் தாண்டிப் போயிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்நியனிடம் மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளும் சட்டம்கூட அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவே அதைப் பொறுப்பதில்லை. சட்டத்தின் கண்ணில் அந்த வீட்டில் மறைத்தவன் யார் என்று கேட்டால், அப்பாவைவிட நான்தான் பொருத்தமாக இருப்பேன். என் மேனேஜர் அனுப்பிய மின்னஞ்சலும் வேறு மாதிரி தெரிந்தது. அதனால் வந்த நஷ்டம் கொம்பெனியின் நஷ்டம். அவர் பையிலிருந்து போகவில்லை. நான் சொன்ன உண்மையின் விலையும் என் பையிலிருந்து போகவில்லை.

சொன்னது தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. அந்தக் குழந்தை தவழப்போகும் வீடு அது. ஆனால் உண்மை சொல்வதில் ஒரு வரிசை இருக்கிறது. அதனால் யாருக்கு இழப்போ அவரிடம் முதலில் போய் நிற்க வேண்டும். "நான் சொல்லத்தான் போகிறேன்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் கோபத்தை அங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டும். முடிந்தால் இழப்பில் பாதியையும். தொலைபேசியில் ஓர் அந்நியனிடம் நேர்மையாக இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அப்பாவிடம்தான் தைரியம் வரவில்லை. அந்தப் பயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்திருந்தேன்.

அடுத்த நாள் ஆசிரியரை மறுபடி அழைத்து, அப்பாவுக்குத் தெரியும் என்று சொன்னது பொய் என்றேன். அவர் சிரித்தார். "சயா அகாக் டா" என்றார். அப்போதே ஊகித்துவிட்டாராம்.

*

விற்பனை நின்றுபோகவில்லை. விலையில் 8,000 ரிங்கிட் குறைந்தது. சாவி கைமாறுவதற்கு முன் கறையானை ஒழித்துக் காட்ட வேண்டும் என்று பேசினார்கள். அந்தச் செலவை நான் ஏற்றேன். 3,200 ரிங்கிட். அது போதாது என்று அப்பாவும் நானும் அறிவோம். சித்தப்பா கடனை மாதாமாதம் நான் கட்டுகிறேன் என்றதற்கு அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை.

இந்த முறை விரட்டும் மருந்து வேண்டாம், இரை வைக்கலாம் என்று முடிவு செய்தோம். ஊர்கிற மண் கோட்டின் மேலேயே ஒரு பிளாஸ்டிக் பெட்டியைப் பொருத்துகிறார்கள். உள்ளே ஈரமாக்கிய மரக்கூழ், அதில் கலந்த மருந்து. கறையான் வளர வேண்டுமென்றால் தோல் உரிக்க வேண்டும். புதிய தோல் உருவாகாமல் அந்த மருந்து தடுக்கிறது. உடனே கொல்லாது, உடனே கொன்றால் மற்றவை சுதாரித்துவிடும். வேலைக்காரக் கறையான்கள் தின்று, கூட்டத்தில் மற்றவற்றுக்கும் வாயோடு வாய் ஊட்டும். ஒன்று கண்ட இரையை எல்லாம் பகிர்ந்துகொள்ளும் அந்தப் பழக்கம்தான் கடைசியில் கூட்டத்தையே முடிக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். எங்களுக்கு 11 வாரம் ஆனது. இதில் பொறுமை முக்கியம். நடுவில் யாரும் வேறு மருந்து அடித்துக் கலைத்துவிடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரும்தான்.

அதனால் பக்கத்து ஆன்டியிடம் சொல்ல வேண்டியிருந்தது. நான் போவதாகச் சொன்னேன். அப்பா, "வேணாம், நீ போன் பண்ணுவ" என்று சொல்லிவிட்டு அவரே போனார்.

வேலியோரம் நின்று அரை மணி நேரம் பேசினார்கள். அம்மாவும் நானும் சமையலறையில் காத்திருந்தோம். திரும்பி வந்து கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். இரை வைத்ததை மட்டும் சொன்னாரா, நாலு வருசத்துக்கு முன்பு நடந்ததையும் சொன்னாரா என்று அம்மா கேட்டார்.

"ரெண்டும்தான்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

அப்பா ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அன்னிக்கே தெரியுமாம். மருந்து வேன் நம்ம வாசல்ல நின்னதப் பார்த்தாங்களாம். நாமளா வந்து சொல்லுவோம்னு இருந்தாங்களாம்."